ஆங்கிலச் சொற்புதிர்களும் விழாநாட் பெயர்களும்

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிறுவர்க்கே உரியதாகத் தோன்றலாம். ஆங்கிலம் பயிலும் பிள்ளைகட்குச் சொற்புதிர்களாலும், அம்மொழி பேசுவோர் கொண்டாடும் விழாநாட்களைப் பற்றிய சிறு வினாக்களாலும் விளையும் பயன் யாது என்பதே அது. இத்தனை பெரியோர் கூடிய சபையில் விளையாட்டுப் பேச்சுக்கு இடமுண்டோ என்று ஐயுறுவாரும் இருக்கலாம். ஆயினும் நம் இல்லங்களில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். கணக்கும் விஞ்ஞானமும் தமிழில் நன்றாய்ப் படிக்கும் பிள்ளை, ஆங்கிலப் புத்தகத்தை விரித்தவுடன் முகம் வாடுகிறான். தாய் தந்தையர்க்கு அம்மொழி தெரியாத வீட்டில் அவனுக்குத் துணை செய்வாரும் இல்லை. இரண்டொரு வருஷம் இவ்வாறு கழிந்தபின், தனக்கு மூளை இல்லை என்று அவன் தானே தீர்மானித்துக்கொள்கிறான். பெற்றோரும் அதை நம்பிவிடுகின்றனர். படிப்பு நின்றுபோவதற்கு இத்தகைய தீர்மானம் ஒன்றே போதுமானதாயிருக்கிறது. பெண்குழந்தையாயின் அத் தீர்மானம் இன்னும் விரைவில் செய்யப்படுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆதலின் இதனை வெறும் விளையாட்டென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

சொற்புதிருக்கும் விழாநாளுக்கும் உள்ள உறவு நாம் கட்டிச் சொல்வதன்று. ஆங்கிலத்திற் பெயர்பெற்ற சொல்விளையாட்டுகள் இரண்டு கிறிஸ்துமஸ் காலத்திலேயே பிறந்தன. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் கணித ஆசிரியராயிருந்தவர் சார்லஸ் டாட்ஜ்ஸன் என்பவர். லூயிஸ் கரோல் என்னும் புனைபெயர் பூண்டு, ஆலிஸ் என்னும் சிறுமி அற்புத உலகிற் புகுந்த கதையை 1865-இல் வெளியிட்டவர் இவரே. 1877-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று முறையிட்ட சிறுமியர் இருவர் பொருட்டு இவர் ஒரு விளையாட்டை வகுத்தார். ஒரே அளவுள்ள இரண்டு சொற்களைக் கொடுப்பது. ஒரு தடவைக்கு ஓரெழுத்து மட்டும் மாற்றி, ஒவ்வொரு படியிலும் பொருளுள்ள சொல்லே நிற்குமாறு, முதற்சொல்லினின்று கடைசிச் சொல்லை அடைவது. இதனை 'டப்லெட்ஸ்' என்று பெயரிட்டு, 1879 மார்ச்சு மாதம் முதல் லண்டன் 'வானிட்டி ஃபேர்' பத்திரிகையில் வெளியிட்டார்.

எடுத்துக்காட்டாக, பூனையை நாயாக்க வேண்டும். 'கேட்' என்பதன் நடுவெழுத்தாகிய ஏ-யை நீக்கி ஓ-வை வைத்தால் 'காட்' ஆகும்; அது கட்டில். அதன் முதலெழுத்தை மாற்றினால் 'டாட்', அது புள்ளி. கடைசி எழுத்தை மாற்றினால் 'டாக்', நாய் வந்துவிட்டது. மூன்றே படி. இடையில் வந்த 'காட்' என்னும் சொல் இந்தியாவினின்று ஆங்கிலத்திற்குச் சென்றது என்பதைப் பிள்ளைகட்குச் சொன்னால் அவர்கட்கு ஒரு பெருமிதம் உண்டாகும். கட்டுமரமும், சுருட்டும், மிளகுத்தண்ணீரும் நம்மிடத்திலிருந்து ஆங்கில அகராதியிற் குடியேறியவையே. அந்நிய மொழி என்று அஞ்சி நிற்கும் குழந்தைக்கு, அவ்வீட்டினுள் தன் உறவினர் சிலர் முன்பே இருக்கின்றனர் என்று காட்டுவது நல்லது.

மற்றொன்று குறுக்கெழுத்து. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிற் பிறந்து அமெரிக்கா சென்று பத்திரிகைத் தொழிலில் அமர்ந்தவர் ஆர்தர் வின். 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையின் விநோதப் பகுதிக்குப் புதிதாய் ஏதேனும் வேண்டியிருந்தது. 1913-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 21-ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, வைர வடிவிற் கட்டங்கள் வரைந்து 'வேர்டு-கிராஸ்' என்னும் பெயரால் ஒரு புதிரை அவர் வெளியிட்டார். பின்னர் அச்சில் முன்பின்னாக மாறி அது 'கிராஸ்-வேர்டு' ஆயிற்று. அந்தப் பிழைப்பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது.

குறுக்கெழுத்து என்றவுடன் நம் பெரியோருட் சிலர் முகஞ் சுளிப்பதை யான் அறிவேன். அதற்குக் காரணமும் உண்டு. ஒரு காலத்தில் நம் நாட்டுப் பத்திரிகைகள் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, பெருந்தொகையைப் பரிசாகக் காட்டி, இத்தகைய போட்டிகளை நடத்தின. ஒரு குறிப்புக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்துமாறு அமைத்து, எது சரி என்பதை அதிர்ஷ்டத்திற்கு விட்டுவிட்டால், அது சூதாட்டமன்றி வேறென்ன? இதனைத் தடுக்கவே 1955-ஆம் வருஷத்தில் பரிசுப் போட்டிச் சட்டம் பிறந்தது. மாதமொன்றுக்கு மொத்தப் பரிசு 1000 ரூபாய்க்கும், வந்துசேரும் விடைத்தாள்கள் 2000-க்கும் மேற்படலாகாதென்று அது விதித்தது. சூதின் தன்மை வாய்ந்த போட்டிகளையே அச்சட்டம் கருதுமன்றித் திறமையைப் பொறுத்தவற்றையன்று என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிற்று. ஆகவே பணத்தை வைத்து ஆடியதே குற்றம். கட்டமும் எழுத்தும் என்ன பாவம் செய்தன? அமெரிக்காவிலும் இவ்வாறே. 1924-இல் இப்புதிரை ஒருவகைப் பித்து என்று இகழ்ந்த 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை, 1942 பிப்ரவரியில் தானே அதை வெளியிடத் தொடங்கிற்று. ஜாஷ் வார்டில் என்பவர் 2021-இல் வெளியிட்ட 'வேர்டில்' என்னும் ஐந்தெழுத்து விளையாட்டையும், மறு வருஷம் ஜனவரியில் அதே பத்திரிகை விலைக்கு வாங்கிக்கொண்டது. நம் பிள்ளைகளிற் பலர் கைப்பேசியில் இதை ஆடுகின்றனர். கைப்பேசியிற் செய்யும் காரியங்களுள் இது மோசமானதன்று என்பது என் அபிப்பிராயம்.

நிற்க. புதிர்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. எழுத்துக் குவியலினுள் ஒளிந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடித்து வட்டமிடும் சொல்வேட்டை என்றொரு வகையுண்டு. பாடசாலைகளில் இதுவே மிகுதியாய்க் கொடுக்கப்படுகிறது. தயாரிப்பது எளிது, பிள்ளைகளும் சத்தமின்றி இருப்பார்கள். ஆனால் ஒரு சொல்லின் பொருளைச் சிறிதும் அறியாமலே அதனை வட்டமிட்டுவிடலாம். கண்ணுக்கு வேலையேயன்றிக் கருத்துக்கு இல்லை. குறுக்கெழுத்தில் அப்படியன்று, குறிப்பைப் படித்து, பொருளை உணர்ந்து, சொல்லை நினைவினின்று எடுத்து, எழுத்துக்கூட்டி வைத்தாலன்றி அடுத்த சொல் அமையாது. நினைவினின்று எடுப்பதன் பயனை 2006-ஆம் ஆண்டில் ரோடிகர், கார்பிக் என்னும் அமெரிக்க மனநூலறிஞர் இருவர் சோதித்துக் காட்டினர். ஒரு பகுதியைப் படித்த மாணவர்களுள் சிலர் அதனைத் திரும்பவும் படித்தனர். சிலர் புத்தகத்தை மூடி, நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே மேலாய் நின்றனர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவு வைத்திருந்தனர். பத்து முறை உருப்போட்டும் பரீட்சையில் மறந்துபோகிறதே என்று பிள்ளையைக் கோபிக்கும் தந்தையர் இதனைக் கவனிக்க வேண்டும்.

இனி, தமிழ்ப் பிள்ளைக்குக் குறுக்கெழுத்து செய்யும் தனியான உதவி ஒன்றுண்டு. அதைச் சற்று விரித்தே சொல்ல விரும்புகிறேன். நம் மொழியில் 'கு' என்பது ஓரெழுத்து. ககர மெய்யும் உகர உயிரும் அதில் இணைந்திருப்பினும், கண்ணுக்கும் கைக்கும் அது ஒன்றே. தமிழ்க் குறுக்கெழுத்தில் அதற்குக் கட்டமும் ஒன்றே. 247 எழுத்துக்களைக் கொண்டு ஒலிப்பதை எழுதப் பழகிய பிள்ளை, 26 எழுத்துக்களை வைத்துக்கொண்டு ஒலிக்காததையும் எழுத வேண்டிய மொழிக்குள் நுழைகிறான். அங்கே உயிர் தனியே நிற்கும். மெய் தனியே நிற்கும். சில எழுத்துக்கள் வாய்திறவாமல் நிற்கும். ஆங்கிலத்தில் எழுத்துப் பிழை மலிவதற்குக் காரணம் இதுவேயன்றிச் சோம்பலன்று. கட்டத்திலோ ஒவ்வோரெழுத்துக்கும் ஓரிடம் உண்டு, ஊமையெழுத்துக்கும் உண்டு.

'கிரிஸ்மஸ்' என்று ஆங்கிலேயர் உச்சரிப்பதைக் கேட்ட பிள்ளை, கே, ஆர், ஐ, எஸ், எம், ஏ, எஸ் என்று ஏழெழுத்தால் எழுதுகிறான். கட்டங்களோ ஒன்பது. இரண்டு வெற்றிடம் நின்று அவனை நோக்கி நகைக்கின்றன. பிரம்பு எடுப்பாரில்லை; சிவப்பு மையாற் கோடிடுவாரில்லை; இரண்டெழுத்து குறைகிறதென்பது அவனுக்கே தெரிந்துவிடுகிறது. அப்பொழுது, அப்பெயரின் கதையைச் சொல்ல வேண்டும். கிறிஸ்துவின் பெயரும், 'மாஸ்' எனப்படும் திருப்பலியும் சேர்ந்தே அச்சொல் ஆயிற்று. கிறிஸ்துவின் பெயர் கிரேக்க மொழியினின்று வந்தமையால் தொடக்கத்தில் ஸி-யும் ஹெச்-சும் நிற்கின்றன. அப்பெயரின் ஈற்றில் இருபதாம் எழுத்தாகிய டீ உண்டு. உச்சரிப்பில் அது தேய்ந்தாலும் எழுத்திற் போகவில்லை. விநோதம் யாதெனில், நாம் தமிழில் 'கிறிஸ்துமஸ்' என்று எழுதும்போது, ஆங்கிலேயர் நாவில் மறைந்த அவ்வெழுத்து நம்முடைய துகரத்தில் உயிரோடு இருக்கிறது! தமிழ்ப் பெயரை அறிந்த பிள்ளை ஆங்கில எழுத்தைத் தவறவிட வேண்டுவதே இல்லை. அப்பெயரைச் சுருக்கி எழுதுங்கால் முதலில் எக்ஸ் என்று இடுவதுங்கூடக் கிறிஸ்துவின் பெயரை அடித்துவிட்டதன்று. அவர் பெயரின் முதலெழுத்தாகிய கிரேக்க 'கை' அந்த வடிவுடையது.

'வென்ஸ்டே' என்னும் கிழமைப் பெயரும் இவ்வாறே. ஒலிப்படி எழுதினால் ஏழு, உண்மையில் ஒன்பது. நடுவே நான்காம் எழுத்தாகிய டி-யும், அதன்பின் ஓர் ஈ-யும் ஒளிந்திருக்கின்றன. வோடன் என்னும் பண்டைத் தெய்வத்தின் நாள் என்று தெரிந்தால் அந்த டி எங்கிருந்து வந்ததென்பது விளங்கும். இந்த வோடனை ரோமருடைய மெர்க்குரிக்கு இணையாக வைத்தனர். மெர்க்குரி என்னும் கிரகமே நம் புதன். செவ்வாய், வியாழன், வெள்ளி ஆகிய கிரகங்களின் நாட்களுக்கும் இவ்வாறே அவர்கள் தம் பழைய தெய்வங்களின் பெயரை இட்டனர். ஞாயிறும் திங்களும் சனியும் இரு மொழியிலும் வெளிப்படையாகவே ஒத்துள்ளன.

இதனாற் பெறப்படுவது யாது? ஒரு நாளின் பெயர்க்கதை பரீட்சைக்குரிய வேண்டாத சுமையன்று; அச்சொல்லை எழுதுவதற்கே அது கைகொடுக்கிறது. 'ஹாலிடே' என்பதே 'ஹோலி டே', அதாவது புனித நாள். நம் 'திருநாள்' என்னும் சொல்லை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தாற்போல் இருக்கிறது. பின்னாளில் அது வேலையற்ற நாள் யாவற்றிற்கும் பெயராயிற்று. 'ஹாலோவீன்' என்பதில் 'ஹாலோ' புனிதரையும், ஈற்றிலுள்ள பகுதி 'ஈவ்னிங்' என்பதிற் காணும் மாலையையும் குறிக்கும். நவம்பர் முதல் தேதி புனிதர் யாவர்க்கும் உரிய திருநாள். அதற்கு முந்திய மாலை அக்டோபர் 31. இதை அறிந்தவன் அவ்விரண்டு ஈ-க்களை மறவான். 'செப்டம்பர்' என்பதிற் காணும் 'செப்டம்' லத்தீனில் ஏழு, 'டெகம்' பத்து. பழைய ரோமருடைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியதாலேயே ஒன்பதாம் மாதம் ஏழாம் மாதமென்றும், பன்னிரண்டாம் மாதம் பத்தாம் மாதமென்றும் பெயர் தாங்கி நிற்கின்றன.

ஆண்டுத் தொடக்கத்தைப் பற்றி ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் 1751 வரையிற் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச்சு 25-இல். ஜனவரி முதல் தேதியை அதற்கு உரியதாக்கியது 1752-இலே. அவ்வாண்டிலேயே பஞ்சாங்கத்தையும் திருத்தி, செப்டம்பர் 2-ந் தேதிக்கு மறுநாளை 14-ந் தேதி என்று வைத்தனர். ஆகவே 1752 செப்டம்பர் 5-ந் தேதி லண்டனில் நடந்தது என்ன என்று கேட்டால், அப்படி ஒரு நாளே இல்லை என்பதுதான் விடை. முன்வரிசையில் இருப்போர் நாளை பாடசாலையில் இதைக் கேட்டுப் பாருங்கள்!

இத்தகைய சிறு வினாக்களுக்கு ஆங்கிலத்தில் 'ட்ரிவியா' என்று பெயர். லத்தீனில் 'ட்ரி' என்பது மூன்று, 'வியா' என்பது வழி. மூன்று வழி கூடுமிடம் 'ட்ரிவியம்', அஃதாவது நம் முச்சந்தி. முச்சந்தியில் யாரும் பேசும் எளிய செய்தி என்னும் கருத்தினின்று வந்த சொல் இது. ஆனால் ஒரூர் முச்சந்தியில் யாவரும் அறிந்த செய்தியை மற்றோரூரான் எங்ஙனம் அறிவான்? பிள்ளைகளின் மனத்தை முறிக்கும் இடம் இதுவே. ஆதலின் இதனை அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு வினாத்தாளிற் 'பாக்ஸிங் டே' என்றால் என்ன என்று கேட்டிருப்பதாகக் கொள்வோம். 'பாக்ஸிங்' என்பது குத்துச்சண்டை என்று அறிந்த பிள்ளை, குத்துச்சண்டை நடக்கும் நாள் என்று விடையிறுக்கிறான். தவறு என்று ஒரு மதிப்பெண் குறைகிறது. உண்மையிலோ அவனுடைய ஆங்கிலம் பழுதற்றது. சொல்லின் பொருளை அறிந்தே விடை கூறினான். அவன் அறியாதது ஆங்கிலேயருடைய வழக்கம் ஒன்றே. கிறிஸ்துமஸுக்கு மறுநாளாகிய டிசம்பர் 26-இல், வேலைக்காரர்க்கும், வருஷமெல்லாம் வீட்டுக்கு வந்து ஊழியம் செய்தவர்க்கும் அன்பளிப்பு கொடுப்பது அங்கே வழக்கமாயிருந்தது. அவ்வன்பளிப்புக்குக் 'கிறிஸ்துமஸ் பாக்ஸ்', அதாவது கிறிஸ்துமஸ் பெட்டி என்று பெயர். பண்டிகையன்று நம் வீடுகளிற் சலவைத் தொழிலாளிக்கும் தபால்காரர்க்கும் இனாம் கொடுப்பதில்லையா? இந்த ஒப்புமையை முன்பே சொல்லியிருந்தால் பிள்ளை ஆயுள் முழுதும் மறந்திரான். சொல்லாமல் வினவினால் அது பரீட்சையன்று, கண்ணி. அதில் விழுந்தவன் தனக்கு ஆங்கிலம் வராதென்று முடிவு செய்வானேயன்றி, வினா தன்னை ஏமாற்றியதென்று அறியமாட்டான்.

'குட் ஃப்ரைடே'யும் அத்தன்மையதே. இயேசு சிலுவையில் உயிர்நீத்த நாளை நல்ல வெள்ளி என்பதேன் என்று ஒரு பிள்ளை வினவினால், அவன் கூர்மதியுடையவன் என்று மகிழ வேண்டும். 'குட்' என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் புனிதமானது என்னும் பொருளிலும் வழங்கிற்று. தமிழ்க் கிறிஸ்தவர்கள் பெரிய வெள்ளி என்றும் புனித வெள்ளி என்றும் வழங்குவது ஆங்கிலப் பெயரைக் காட்டிலும் தெளிவாயிருக்கிறது. 'பாங்க் ஹாலிடே' என்பது 1871-இல் ஸர் ஜான் லப்பக் என்பவர் கொணர்ந்த சட்டத்தால் வந்தது. பாங்கிகளைச் சில நாட்களில் மூடச்செய்து, மற்றத் தொழிலாளர்க்கும் ஓய்வு கிடைக்க வழி செய்தது அது. அவர் பாங்கிக்காரரேயாயினும் எறும்பையும் தேனீயையும் ஆராய்ந்து நூல் எழுதியவர். ஓய்வில்லாத பிராணிகளை அருகிலிருந்து பார்த்தவர்க்கு மனிதருடைய ஓய்வில் அக்கறை பிறந்தது பொருத்தமே!

அமெரிக்கருடைய 'தாங்க்ஸ்கிவிங்' என்னும் நன்றிநாளைக் குறித்து இன்னுஞ் சிறிது நிதானம் வேண்டும். அது எம்மாதத்தில் வருகிறது என்னும் வினாவுக்கு நவம்பர் என்பது மட்டுமே விடையன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை. 1941-இல் வகுத்த சட்டம் அது. அண்டை நாடாகிய கானடாவில் அக்டோபர் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை. கானடாவில் உறவினருள்ள பிள்ளை அக்டோபர் என்று எழுதினால் அவனும் சரியே. 1863-இல் ஜனாதிபதி லிங்கன் இத்திருநாளைத் தேசமெங்கும் கொண்டாடப் பிரகடனம் செய்ததற்கு, ஸாரா ஜோஸிபா ஹேல் என்னும் அம்மையார் பல வருஷம் விடாது எழுதிவந்த வேண்டுகோள்களும் காரணமாயின. மேரி என்னும் சிறுமியையும் அவளைப் பின்தொடர்ந்த ஆட்டுக்குட்டியையும் பற்றி நம் குழந்தைகள் பாடுகிறார்களே, அப்பாட்டை 1830-இல் வெளியிட்டவரும் இவ்வம்மையாரே. 1621-இல் பிளிமத் என்னுமிடத்திற் குடியேறிய ஆங்கிலேயரும், வாம்பனோவாக் என்னும் அந்நாட்டுப் பூர்விகக் குடிகளும் கூடி உண்ட அறுவடை விருந்தையே இத்திருநாளின் தொடக்கமாகப் பாடப்புத்தகங்கள் கூறும். அப்பூர்விகக் குடிகளின் வழிவந்தோரும் அவரைச் சார்ந்தோரும் 1970 முதல் அதே நாளில் அதே பிளிமத்திற் கூடித் துக்கநாள் அனுஷ்டிக்கின்றனர் என்பதை வினாத்தாள்கள் கூறுவதில்லை. நிலமிழந்தவர் பக்கத்துச் செய்தியையும் பிள்ளைகள் கேட்கட்டும்; வளர்ந்த பிள்ளைகட்கு அது தாங்காத பாரமன்று.

அவ்விருந்திற்குரிய பறவையின் பெயரில் ஒரு நல்ல புதிர் இருக்கிறது. ஆங்கிலேயர் அதற்கு 'டர்க்கி' என்று துருக்கி நாட்டின் பெயரை இட்டனர். துருக்கியர் அதனை 'ஹிந்தி' என்று நம் நாட்டுப் பெயரால் அழைக்கின்றனர். பிரெஞ்சுக்காரர் வழங்கும் 'தாந்து' என்னும் பெயரும் இந்தியாவினின்று வந்தது என்னும் பொருளதே. போர்ச்சுகீசியர் 'பெரு' என்கின்றனர். உண்மையில் அது பிறந்தது மெக்ஸிகோ முதலிய வட அமெரிக்கப் பகுதிகளில். துருக்கியர் நாட்டு வழியாக வந்த வேறொரு கோழியின் பெயரை ஆங்கிலேயர் இதற்கும் ஏற்றிவிட்டனர். நாம் எந்நாட்டின் மீதும் பழி சுமத்தாமல் வான்கோழி என்றோம்.

நிற்க, கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைகளில் விற்கும் அயல்நாட்டுப் புதிர்த்தாள்களைக் குறித்து ஒரு வார்த்தை. பனியிற் செல்லும் 'ஸ்லே' என்னும் சறுக்குவண்டியும், வாயிலிற் கட்டும் 'மிஸ்ஸில்டோ' என்னும் செடியும் அவற்றில் நிறைந்திருக்கும். பனியையே காணாத பிள்ளைக்கு முதலிற் கற்பிக்க வேண்டிய சொல் சறுக்குவண்டியா? 'கெஸ்ட்' என்னும் விருந்தாளியும், 'ஃபீஸ்ட்' என்னும் விருந்தும், 'கிஃப்ட்' என்னும் பரிசும் அவனுக்கு முந்தி வேண்டும். அவை எந்தப் பண்டிகைக்கும் உதவும். மிஸ்ஸில்டோவைத்தான் சொல்ல வேண்டுமாயின், மாமரத்தில் ஒட்டி வளரும் நம் புல்லுருவிக்கு உறவு என்று சொல்லிவிடலாம். தோட்டக்காரர் வெட்டியெறிவதை ஆங்கிலேயர் வீட்டு வாயிலிற் கட்டுகின்றனரா என்று பிள்ளை வியப்பான். சொல்லும் மனத்திற் பதியும்.

எல்லாவற்றிலும் மேலான பயிற்சி, பிள்ளை தானே குறிப்பு எழுதிப் புதிர் அமைப்பது. அதற்கு அவன் நன்கறிந்த திருநாளே ஏற்றது. இவ்விடத்தில் தாய்மார்கள் கவனிக்க வேண்டுகிறேன். ஆங்கிலம் ஓரெழுத்தும் அறியாத தாயும் இதில் உபாத்தியாயராகலாம். பொங்கலன்று என்னென்ன செய்கிறோம் என்பதைத் தமிழில் அவர் சொல்ல, பிள்ளை அதனை ஆங்கிலக் குறிப்பாக்குவான். பால் பொங்கி வழிவதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று தேடி, 'பாயில் ஓவர்' என்பதைக் கண்டுபிடிப்பான். தீபாவளியன்று விடியுமுன் தலையில் தேய்ப்பது எது என்பது மூன்றெழுத்துக் கட்டம், 'ஆயில்'. மார்கழி மாதத்துக் கோலத்தில் இன்னும் நயமான புதிர் இருக்கிறது. அரிசிமாவும் 'ஃப்ளவர்', அதன் நடுவே சாணத்திற் செருகிவைக்கும் பூசணிப்பூவும் 'ஃப்ளவர்'. காதுக்கு இரண்டும் ஒன்றே. கட்டத்திலோ மாவுக்கு ஐந்தெழுத்து, பூவுக்கு ஆறெழுத்து. கோலமிடும் பெண்குழந்தை இவ்விரண்டையும் ஒரு தரம் கட்டத்தில் வைத்துவிட்டால், பின்னர் மாவைப் பூவென்றும் பூவை மாவென்றும் எழுதமாட்டாள். 'கோலம்' என்பதற்கு ஓர் ஆங்கிலச் சொல் கிடைக்கிறதா என்று அவள் தேடுவாள்; கிடைக்காது. அப்பொழுது முழு வாக்கியமொன்று எழுதியே அதனை விளக்க நேரும். அவள் ஆங்கிலத்தில் எழுதும் முதல் உண்மையான வாக்கியம் அதுவாக இருக்கலாம். புத்தகத்தில் உள்ளதன்று, அவள் சொல்ல விரும்பியது.

இதற்குச் செலவு ஒன்றுமில்லை. கணக்கு நோட்டின் கட்டம் போட்ட தாள் ஒன்றும், ஒரு பென்சிலும், சனிக்கிழமை மாலையில் அரைமணி நேரமும் போதும். அண்ணன் அமைத்ததைத் தங்கை விடுவிக்கட்டும். அவள் அமைத்ததை அவன் விடுவிக்கட்டும். பணம் வைத்து ஆடவேண்டாம். தவறாக எழுதினால் உடனே திருத்தவும் வேண்டாம். குறுக்கே வரும் சொல் பொருந்தாதபோது பிழை தானே வெளிப்படும். திருத்தும் உரிமையைப் பிள்ளையிடமிருந்து பறித்துக்கொள்வதில் நம்மிற் பலர் மிகவும் விரைகின்றோம்.

சிறார்களே! நெடுநேரம் பொறுமையாயிருந்தீர்கள். உங்களுக்கு லூயிஸ் கரோல் முறையில் ஒரு புதிர் கொடுத்துவிட்டு அமர்கிறேன். 'கோல்டு' என்னும் குளிரினின்று 'வார்ம்' என்னும் வெதுவெதுப்புக்குச் செல்ல வேண்டும். இரண்டும் நான்கெழுத்துச் சொற்கள். ஒரு தடவைக்கு ஓரெழுத்தே மாறலாம். இடையில் வரும் சொற்கள் மூன்று. முதலாவது, ஒருவகைக் கயிறு. இரண்டாவது, தபால்காரர் கொண்டுவரும் அட்டை. மூன்றாவது, நம் நகரசபைத் தேர்தல் வந்தால் தெருவெங்கும் கேட்கும் சொல், ஆஸ்பத்திரியிலும் உண்டு. விடையைப் பெரியோரிடம் கேட்காதீர்கள். அவர்களே இப்பொழுது விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது.